வனத்துத் துறவிகளும் ‘வணக்கம்’ என்னும் சொல்லும்

தென் மாவட்டங்களின் கிறித்தவக் குடும்பங்களில் சின்னப்பன், அந்தோணி ஆகிய பெயர்கள் பரவலாக வழங்கி வருகின்றன. ‘சின்னப்பர்’ என்பது பவுல் என்னும் பெயரின் பழைய கத்தோலிக்கத் தமிழ் வடிவம். பவுலுஸ் என்ற இலத்தீன் சொல்லுக்குச் ‘சிறியவர்’ என்று பொருள்; அப்பொருளையே முன்னோர் தமிழாக்கிக் கொண்டனர். ஆனால் ‘வனத்துச் சின்னப்பர்’ என்று அடைமொழியுடன் கூறும்போது அது திருத்தூதர் பவுலைக் குறிப்பதில்லை. எகிப்தின் தீபைப் பகுதியில் வாழ்ந்ததாகக் கருதப்படும் முதல் வனவாசியை அது குறிக்கிறது. அவ்வாறே ‘வனத்து அந்தோணியார்’ என்பவரும் ‘கோடி அற்புதர்’ என்று புகழப்படும் பதுவை நகர அந்தோணியார் (1195-1231) அல்லர். அவருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் முற்பட்ட எகிப்தியத் துறவி அவர்.

இவ்விருவரும் எகிப்தில் மக்களைவிட்டு விலகிச் சென்றவர்கள். தம்மை எவரும் தேடி வரலாகாது என்று விரும்பியவர்கள். அத்தகையோர் எவ்வாறு மக்கள் கூடும் திருவிழாக்களின் நாயகர்களாயினர்? இறந்தவர்க்குச் செய்யும் மரியாதை எந்த இடத்தில் வழிபாடாக மாறுகிறது? இஸ்லாமிய வாசகர்க்கு இவ்வினாக்கள் அந்நியமானவை அல்ல. திருக்குர்ஆன் அருளப்பட்ட காலத்து உலகில் இவை உயிருள்ள வினாக்களாக இருந்தன. நம் தமிழிலோ ஒரு சொல்லின் இரட்டைப் பொருளால் இவை மேலும் சிக்கலாகி நிற்கின்றன. அச்சொல்லைப் பின்னர் காண்போம்.

வனம் என்பது யாது?

எகிப்தியத் துறவிகள் சென்று தங்கிய இடம் மணலும் பாறையும் நிறைந்த பாலைநிலம். அதைத் தமிழில் ‘வனம்’, ‘வனாந்தரம்’ என்று பெயர்த்ததைப் பிழை என்று கருதுவோர் உளர். ஆயின் அந்நிலத்தைக் குறித்த ‘ஏரெமோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லின் அடிப்படைப் பொருள் ‘ஆளற்ற இடம்’ என்பதே. தமிழகத்தில் ஆளற்ற இடம் காடும் மலையுமாகும். துறவு பூண்டோர் நாடிச் சென்ற இடமும் அதுவே.

திருவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வட்டாரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊரான கூமாப்பட்டியில் வாழ்வோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிளவக்கல் அணையும் அதற்கு அப்பால் உயரும் மலைகளும் அவர்கள் அன்றாடம் காண்பவை. அதே மலைத்தொடரிலுள்ள சதுரகிரி சித்தர்கள் தவமிருந்த மலையாக நெடுங்காலமாகப் போற்றப்படுகிறது. ஆடி அமாவாசையன்று பெருந்திரளான மக்கள் அம்மலை ஏறுகின்றனர். தனிமை நாடிச் சென்றவரின் தடத்தைப் பற்றிக்கொண்டு கூட்டம் பின்செல்வது எந்த ஒரு சமயத்திற்கும் மட்டும் உரியதன்று. எகிப்திலும் சிரியாவிலும் நடந்தது இதுவே. அங்கு நடந்தவை அக்காலத்தவராலேயே எழுதி வைக்கப்பட்டமையால் நாம் அவற்றை நுணுகி ஆராய முடிகிறது.

கல்லறையை மறைத்தவர்

அந்தோணியார் கி.பி. 251ஆம் ஆண்டளவில் எகிப்தில் வசதியான குடும்பமொன்றில் பிறந்தார். பெற்றோர் மறைந்தபின், உடைமைகளை விற்று ஏழைகளுக்கு வழங்குமாறு இயேசு கூறிய அறிவுரை கோவிலில் வாசிக்கப்படக் கேட்டார். தமக்கிருந்த வளமான நிலங்களைத் துறந்தார். முதலில் ஊரின் எல்லையிலும், பிறகு ஒரு பழைய கல்லறையிலும், அதன்பின் பாழடைந்த கோட்டை ஒன்றில் ஏறத்தாழ 20 ஆண்டுகளும் தனித்திருந்தார். மக்கள் அங்கும் தேடி வந்தமையால் செங்கடலை அடுத்த மலைப்பகுதிக்குப் பெயர்ந்தார். பேரரசர் கான்ஸ்தந்தீன் அவருக்கு மடல் எழுதியபோது, அரசரும் மனிதரே, அவர் எழுதியதில் வியக்க ஒன்றுமில்லை என்ற கருத்துப்பட அவர் தம் சீடர்களிடம் கூறினாராம்.

கி.பி. 356இல், தம் 105ஆம் வயதில் அவர் இறந்ததாக அவருடைய வரலாற்றை எழுதிய அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் குறிப்பிடுகிறார். அக்காலத்து எகிப்தியர் சிலர், புனிதராகக் கருதப்பட்டோரின் உடலைப் புதைக்காமல் துணியால் சுற்றி வீட்டில் கிடத்தி வைப்பதை மரியாதை என எண்ணினர். அந்தோணியார் இதை வன்மையாகக் கண்டித்தார். தம் உடலுக்கும் அந்நிலை நேரக்கூடாது என்று அஞ்சிய அவர், உடனிருந்த இரு சீடர்கள் தவிர எவரும் அறியாத இடத்தில் தம்மைப் புதைக்குமாறு ஆணையிட்டார். அவ்வாறே செய்யப்பட்டது. அத்தனாசியுஸ் இதை எழுதும்போது அக்கல்லறை எங்குள்ளது என்பது எவர்க்கும் தெரியாது.

தமக்கு வழிபாடு எழுந்துவிடலாகாது என்பதில் இதனினும் தெளிவான இறுதி விருப்பம் இருத்தல் இயலாது. எனினும் அதே நூல் மற்றொரு செய்தியையும் தருகிறது. தம் ஆட்டுத்தோல் ஆடைகளில் ஒன்றையும் போர்வையையும் அத்தனாசியுஸுக்கும், மற்றோர் ஆட்டுத்தோலை ஆயர் செராப்பியோனுக்கும் அளிக்குமாறு அந்தோணியார் கூறினார். அவற்றைப் பெற்றவர்கள் அரும்பொருளாகப் பேணினர். அவற்றைக் காண்பது அவரையே காண்பது போன்றது என்று அத்தனாசியுஸ் நெகிழ்கிறார். உடல் மறைக்கப்பட்டது, உடை போற்றப்பட்டது. ஒரே நூலுக்குள் இரு போக்குகளும் உடனுறைகின்றன என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அந்நூல் விரைவில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு மேற்கே பரவியது. கி.பி. 386இல் அகுஸ்தீனாரின் மனமாற்றத்திற்கு வழிகோலியவற்றுள் அந்தோணியாரின் வரலாற்றைக் கேட்டதும் ஒன்று. கல்லறை இல்லாத துறவிக்கு ஒரு நூலே நினைவிடமாயிற்று.

இருந்தாரா என ஐயுறப்பட்டவர்

அந்தோணியார்க்கும் முன்னதாகவே வனம் புகுந்தவர் ஒருவர் உண்டு என்று கூறி, 370களில் அறிஞர் ஜெரோம் எழுதிய சிறு நூலே வனத்துச் சின்னப்பரைப் பற்றிய முதன்மை ஆதாரம். பேரரசர் தேசியுஸின் காலத்தில் கிறித்தவர்க்கு நேர்ந்த கொடுமைகளுக்கு அஞ்சி வனம் சென்ற பவுல், ஒரு குகையில் பேரீச்ச மரமொன்றின் துணையுடன் வாழ்ந்தார். 60 ஆண்டுகளாகக் காகம் ஒன்று நாள்தோறும் பாதி ரொட்டி கொண்டுவந்தது. அந்தோணியார் காண வந்த நாளில் அது முழு ரொட்டியாயிற்று. அவர் இறந்தபோது இரு சிங்கங்கள் வந்து குழி பறித்தன. அவருடைய ஓலை ஆடையை அந்தோணியார் எடுத்துச்சென்று பெருநாட்களில் அணிந்தார். இவ்வாறு செல்கிறது அக்கதை.

இத்தகைய ஒருவர் உண்மையில் வாழ்ந்தாரா என்று இன்றைய வரலாற்றாசிரியர் பலர் ஐயுறுகின்றனர். இந்த ஐயம் புதிதன்று. ஜெரோம் பின்னர் எழுதிய ஹிலாரியோன் வரலாற்றின் முன்னுரையிலேயே, எப்போதும் மறைந்திருந்த ஒருவர் இருந்ததே இல்லை என்று தம் எதிரிகள் கூறியதைக் குறிப்பிட்டுச் சினந்துள்ளார். சனவரி 15ஆம் நாளில் இடம்பெற்றிருந்த அவருடைய நினைவு, 1969இல் நடந்த திருத்தத்தின்போது கத்தோலிக்கத் திருச்சபையின் பொது நாள்காட்டியிலிருந்து நீக்கப்பட்டது. ஆயினும் மக்களின் பற்று நாள்காட்டிகளைச் சார்ந்து நிற்பதன்று.

உடலுக்கான போட்டி

அந்தோணியார் அஞ்சியது மற்றவர்க்கு நேர்ந்தது. காஸா பகுதியில் துறவு வாழ்வை நிறுவிய ஹிலாரியோன், புகழுக்கு அஞ்சி நாடு நாடாக ஓடி, கி.பி. 371இல் சைப்ரஸ் தீவில் இறந்தார். அவரும் தம்மை உடனே புதைத்துவிடக் கட்டளையிட்டார். ஆனால் சில மாதங்களிலேயே அவருடைய சீடர் ஹெசிக்கியுஸ் அவ்வுடலைக் களவாகத் தோண்டியெடுத்துப் பாலஸ்தீனத்திற்குக் கொண்டுசென்றார்.

சிரியாவின் சிமியோன் (இறப்பு 459) தூண் ஒன்றின் உச்சியில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளைக் கழித்தவர். தொட்டு ஆசிபெற முண்டியடித்த கூட்டத்திலிருந்து விலகவே அவர் தூணேறினார் என்று தியோடரெட் எழுதுகிறார். தூண் உயர உயரக் கூட்டமும் பெருகிற்று. ரோம் நகரத் தொழிற்கூடங்களின் வாயில்களில் அவருடைய சிறு உருவங்கள் காப்புக்காக வைக்கப்பட்டிருந்தன என்றும் தியோடரெட் கேள்வியுற்றார். இவையனைத்தும் அவர் உயிருடன் இருந்தபோதே நடந்தவை. அவர் இறந்தபின் உடல் படைவீரர் காவலுடன் அந்தியோக்கியா நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பேரரசர் லியோ அதைக் கேட்டபோது, நிலநடுக்கத்தில் மதிலை இழந்த தங்கள் நகருக்கு அவ்வுடலே மதில் என்று கூறி மக்கள் தர மறுத்தனர். தூணைச் சுற்றி எழுந்த பெருங்கோவிலின் இடிபாடு ‘கல்அத் சிமான்’ என்னும் பெயரால் இன்றும் உள்ளது. வடசிரியாவின் பண்டை ஊர்களோடு சேர்த்து 2011இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

சிமியோனைக் காண வந்தோருள் இஸ்மாயீலின் வழியினரான அரபுக் குலத்தார் இருந்ததையும், அவர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு வந்து தம் சிலைகளை அத்தூணின் முன்னர் உடைத்தெறிந்ததையும் தியோடரெட் நேரில் கண்டவராக எழுதியுள்ளார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்புக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே அரபுகள் இத்துறவிகளை நன்கறிந்திருந்தனர் என்பதற்கு இது வலுவான சான்றாகும்.

ஏன் இந்தப் பற்று?

இதை அறியாத பாமரரின் மூடப்பழக்கம் என்று ஒதுக்குவது எளிது. வரலாற்றாசிரியர் பீட்டர் பிரவுன் 1971இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையொன்றில் இப்பார்வையை மறுத்தார். ஊருக்குள் உறவும் சொத்தும் கட்சியும் அற்றவராக இருந்தமையாலேயே துறவியை எல்லாத் தரப்பினரும் நம்பினர். நீர்த்தகராறு, கடன், வரிச்சுமை, அதிகாரியின் கொடுமை ஆகியவற்றை அவரிடம் கொண்டு சென்றனர். அவர் நடுவராகவும் பரிந்துரைப்பவராகவும் விளங்கினார் என்பது அவர் வாதம். மேலும் 313க்குப் பிறகு கிறித்தவர்மீதான அரசின் ஒடுக்குமுறை ஓய்ந்தது. உயிரைக் கொடுத்த தியாகிகளின் இடத்தில், நாள்தோறும் தன்னலத்தைக் கொன்ற துறவிகளை மக்கள் வைத்துப் போற்றினர்.

வாழும்போது பரிந்துரைத்தவர் இறந்தபின்னும் பரிந்துரைப்பார் என்னும் நம்பிக்கைக்கு இங்கிருந்து ஓர் அடியே தொலைவு. அந்த ஓர் அடியில்தான் சிக்கலனைத்தும் அடங்கியுள்ளது.

உள்ளேயே எழுந்த குரல்கள்

அச்சிக்கலைக் கிறித்தவர்களே முதலில் விவாதித்தனர். மேல் எகிப்தின் மடத்தலைவர் ஷெனூட், கண்டெடுத்த எலும்புகளின்மீது நினைவிடம் எழுப்புவோரையும் அங்குச் சென்று உறங்கி நலம் வேண்டுவோரையும் கடிந்துரைத்தார். கால் நாட்டவரான விஜிலாந்தியுஸ் என்னும் குரு, எலும்புப் பொடியைப் பட்டுத்துணியில் பொதிந்து முத்தமிடுவதும் பட்டப்பகலில் விளக்கேற்றுவதும் பழைய சிலைவழிபாட்டின் மறுவடிவமன்றோ எனக் கேட்டார். அவரை மறுத்து 406இல் ஜெரோம் சினம்பொங்க ஒரு நூல் எழுதினார். தியாகிகளை நாம் வழிபடுவதில்லை, இறைவனையே வழிபடுகிறோம், அவனுடைய ஊழியர்க்கு மரியாதை மட்டும் செய்கிறோம் என்பது அவர் விடையின் சாரம்.

இவ்வேறுபாட்டைப் பிற்காலத்தில் விரித்துரைத்தோருள் தலையாயவர் திமிஷ்கின் யோவான். அவருடைய குடும்பம் உமையாக்களின் ஆட்சியில் நிதித்துறையில் பணியாற்றியது. இறைவனுக்கு மட்டுமே உரிய வழிபாடு வேறு, இறைநேசர்க்கும் திருவுருவங்களுக்கும் செய்யும் மரியாதை வேறு என்று அவர் இஸ்லாமிய ஆட்சிக்குட்பட்ட மண்ணிலிருந்து வாதிட்டார். 787இல் கூடிய இரண்டாம் நிக்கேயா சங்கம் அவ்வேறுபாட்டைத் திருச்சபையின் கோட்பாடாக்கிற்று.

திருக்குர்ஆனின் நோக்கு

இப்பின்னணியில் நின்று நோக்கும்போது துறவிகளைப் பற்றிய திருமறை வசனங்கள் மேலும் துலக்கம் பெறுகின்றன. அரபு மொழியில் துறவியைக் குறிக்கும் ‘ராஹிப்’ என்னும் சொல் இறையச்சம் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வருவது. துறவியரிடம் செருக்கின்மையைக் காண்கிறது 5:82. மடங்கள் இடிக்கப்படாமல் காக்கப்படுவதை இறையருளாகக் கூறுகிறது 22:40. துறவறம் இறைவனால் விதிக்கப்பட்டதன்று, அவனுடைய உவப்பை நாடி அவர்களே மேற்கொண்டது, ஆயினும் அதை அதற்குரிய முறையில் பேணவில்லை என மதிப்பிடுகிறது 57:27. மார்க்க அறிஞரையும் துறவியரையும் இறைவனையன்றித் தலைவர்களாக்கிக் கொண்டதைக் கண்டிக்கிறது 9:31. துறவியருள் பலர் மக்களின் பொருளை முறையின்றி உண்பதைச் சுட்டுகிறது 9:34. புகழ்ச்சியும் கண்டனமும் ஒன்றுக்கொன்று முரணல்ல. முன்னது துறவியின் பணிவை நோக்கியது. பின்னது அவரைச் சுற்றி மக்களும் நிறுவனமும் எழுப்பியதை நோக்கியது.

நபிமொழிகளிலும் இவ்விரு முகங்களும் உள. அபிசீனியாவில் தாம் கண்ட, உருவங்கள் நிறைந்த கோவிலைப் பற்றி உம்மு ஹபீபா (ரலி), உம்மு ஸலமா (ரலி) இருவரும் கூறியபோது, நல்லடியார் ஒருவர் இறந்தால் அவருடைய கபுறின்மீது வணக்கத்தலம் எழுப்பும் வழக்கத்தை நபிகளார் (ஸல்) கண்டித்தார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. அதே நபிகளார் (ஸல்), ஜுரைஜ் என்னும் துறவியின் கதையையும் கூறினார்கள். பொய்ப்பழி சுமத்தி அவருடைய மடத்தை இடித்த மக்கள், அவர் குற்றமற்றவர் எனத் தெளிந்ததும் பொன்னால் அதைக் கட்டித்தர முன்வந்தனர். அவரோ, வேண்டாம், முன்போல் மண்ணாலேயே கட்டுங்கள் என்றார். மண்ணால் ஆன மடத்தைக் கேட்ட ஜுரைஜும் அடையாளமற்ற கல்லறையைக் கேட்ட அந்தோணியாரும் ஒரே உணர்வினர். சிரியாவுக்குப் படையனுப்பிய கலீஃபா அபூபக்ர் (ரலி), இறைவனுக்காகத் தம்மை ஒதுக்கிக்கொண்டோரை அவர்கள் போக்கில் விட்டுவிடுமாறு தளபதிக்கு அறிவுறுத்தியது இமாம் மாலிக்கின் முவத்தாவில் உள்ளது. துறவியை மதித்தலும் துறவியை வணங்காமையும் ஒருசேர நின்ற நிலை அது.

தமிழ் மண்ணில்

மறைக்கப்பட்ட கல்லறை நெடுநாள் மறைந்திருக்கவில்லை. 561இல் அந்தோணியாரின் உடல் கண்டெடுக்கப்பட்டு அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டதாகவும், அங்கிருந்து கான்ஸ்தாந்திநோப்பிளுக்கும் 11ஆம் நூற்றாண்டில் பிரான்சுக்கும் சென்றதாகவும் மரபு கூறுகிறது. அங்கே அவர் பெயரால் எழுந்த மருத்துவத் துறவியர் சபை பன்றிகளை வளர்த்தது. அதனால் அவருடைய உருவத்தின் அருகே பன்றி இடம்பெற்றது. காலப்போக்கில் அவர் கால்நடைகளின் காவலராகக் கருதப்பட்டார். அவருடைய நினைவுநாளான சனவரி 17இல் ரோம் நகரில் விலங்குகளுக்கு ஆசி வழங்கும் வழக்கம் உண்டு.

அந்நாள் தமிழகத்தில் மாட்டுப்பொங்கலை ஒட்டி வருகிறது. திண்டுக்கல் மாவட்டத்தின் கொசவபட்டி, தவசிமடை போன்ற ஊர்களில் அந்தோணியார் விழாவையொட்டி ஜல்லிக்கட்டு நடைபெறுகிறது. எகிப்தின் மலையில் தனித்திருந்தவரின் பெயர் இங்கு உழவரின் மாடுகளோடு இணைந்துவிட்டது. இத்தகைய இணைவு கிறித்தவர்க்கு மட்டும் உரியதன்று. தென்னிந்தியாவில் கிறித்தவப் புனிதர்களும் முஸ்லிம் வலிமார்களும் மண்ணின் மரபுகளோடு கலந்து போற்றப்பட்ட வரலாற்றை சூசன் பேலி 1989இல் வெளியிட்ட ஆய்வுநூலில் அருகருகே வைத்துக் காட்டினார். நாகூருக்கும் ஏர்வாடிக்கும் சென்றுவருவோர்க்கு அது புதிய செய்தியன்று.

இனி, முன்னர்க் குறிப்பிட்ட சொல்லுக்கு வருவோம். தமிழ்க் கத்தோலிக்கர் இறைவனுக்கு மட்டுமே உரியதை ‘ஆராதனை’ என்பர். புனிதர்க்குச் செய்வதைப் ‘புனிதர் வணக்கம்’ என்பர். அதாவது, அவர்களுடைய வழக்கில் ‘வணக்கம்’ தாழ்ந்த படியிலுள்ள மரியாதை. தமிழ் முஸ்லிம்களின் வழக்கிலோ ‘வணக்கம்’ என்பது இபாதத். அது அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது. அதனாலேயே நம்மில் பலர் அச்சொல்லை முகமன் கூறவும் பயன்படுத்துவதில்லை. மரியாதைக்கு நாம் வைத்திருக்கும் சொல் ‘கண்ணியம்’. ஆகவே ‘புனிதர் வணக்கம்’ என்று ஒரு கிறித்தவர் கூறும்போது அவர் கூறாத ஒன்று முஸ்லிமின் செவியில் விழுகிறது. ‘வணக்கம் இறைவனுக்கே’ என்று ஒரு முஸ்லிம் கூறும்போது, பெரியோர்க்கு மரியாதையே கூடாது என்று அவர் மறுப்பதாகக் கிறித்தவர் கொள்ள நேர்கிறது. ஜெரோமும் யோவானும் கிரேக்க, இலத்தீன் சொற்களால் வரைந்த எல்லைக்கோடு, ஒரே ஊரில் வாழும் இரு சமூகங்களின் தமிழில் வெவ்வேறிடத்தில் வரையப்பட்டுள்ளது.

சொல்லைத் தெளிவாக்கியதனால் கேள்வி தீர்ந்துவிடுவதில்லை என்பதும் உண்மை. கோட்பாட்டில் ‘மரியாதை மட்டுமே’ என்று கூறப்படுவது, நோயுற்ற பிள்ளையை ஏந்தி நிற்கும் ஒரு தாயின் உள்ளத்தில் எந்நிலையில் உள்ளது என்பதைச் சங்கங்களின் தீர்மானங்கள் காட்டா. இதே வினா நம்மிடமும் உண்டு. மறுமையை நினைவூட்டும் ஜியாரத்தை நபிகளார் (ஸல்) அனுமதித்தார்கள். அந்த ஜியாரத் எந்த இடத்தில் எல்லை கடக்கிறது என்பது பற்றி இமாம் இப்னு தைமிய்யாவும் (இறப்பு 1328) இமாம் தகிய்யுத்தீன் சுப்கியும் (இறப்பு 1355) மாறுபட்டு எழுதினர். அவ்விவாதம் நம் ஊர்களில் இன்றும் தொடர்கிறது. சில வேளைகளில் ஒரே குடும்பத்தாரைப் பிரித்தும் விடுகிறது.

இத்தகைய வேளைகளில் இரு தரப்பாரும் கருதத்தக்க சான்று ஒன்று உண்டு. அது போற்றப்படும் மனிதரின் சொந்த விருப்பம். அவர் எதைத் துறந்தார், எதற்கு அஞ்சி ஓடினார், இறக்கும்போது என்ன கேட்டார் என்பதை அறிவதே அவர்க்குச் செய்யும் முதற் கண்ணியம். அந்தோணியார் கேட்டது அடையாளமற்ற ஒரு குழியை. ஜுரைஜ் கேட்டது மண்சுவரை. அவர்களை நேசிப்போர் எந்தச் சமயத்தவராயினும், அந்த வேண்டுகோளை முதலில் செவிமடுத்தல் வேண்டும்.